முடிச்சுப் போட்ட முனை

'லிங்க் வீக்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை வரை சூடேறுகிறது. சொன்னவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "எந்தக் கை?" என்று கேட்காமல் விடுவதில்லை. எதிரணிக்காரன் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது நாம் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோர்த்துக்கொண்டு நிற்கிறோம் இல்லையா, கபடியில் அதற்குத்தான் லிங்க் என்று பெயர். அது வீக் என்று ஒரு பையனைப் பற்றி எழுதிவிட்டால் அவனை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம்.

நான் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். முட்டி போன பிறகு ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. டிவியில் வரும் தொழில்முறை கபடி அணி ஒன்று சின்ன வயதுப் பையன்களை ஒப்பந்தம் போட்டு எடுத்து வைத்திருக்கிறது. அவர்களை உடனே பெரிய அணியில் இறக்க மாட்டார்கள். முகாமில் வைத்துச் சோறு போட்டு வளர்ப்பார்கள். பையன் வளர்கிறானா என்று பார்த்துச் சொல்ல என்னைப் போல் சிலரைக் கூப்பிடுவார்கள். போன வருடம் எப்படி ஆடினான், இப்போது எப்படி ஆடுகிறான் என்று சொல்லிவிடலாம். அடுத்த வருடம் எப்படி ஆடுவான் என்று கேட்கும்போதுதான் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஜோசியக்காரர்களாகிவிடுவார்கள். 'டெம்பரமென்ட்' என்பார்கள், 'மெச்சூரிட்டி' என்பார்கள். அப்படியென்றால் என்னவென்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் முகாம் தஞ்சாவூரிலேயே நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தை வாடகைக்கு எடுத்து மேட் விரித்திருந்தார்கள். அங்கேதான் குடவாசல் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒரே ஊர்க்காரர்கள். ஒருவன் இடது மூலையில் நிற்கும் கார்னர். நல்ல நிறம், நல்ல உயரம், யார் பேசினாலும் "சரிங்க சார்". இன்னொருவன் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் கவர். குட்டை, வாய் திறக்க மாட்டான், ஓடி வருகிறவன் மேல் மோதினால் மோதப்பட்டவன் எழுந்திருக்க நேரமாகும்.

தலைமைக் கோச் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்தான், நன்றாக ஆடிப் பெயர் எடுத்தவர். அவருக்கு ஒரு யோசனை. ஒரே ஊர்ப் பையன்கள், சின்ன வயதிலிருந்து சேர்ந்து ஆடியவர்கள், அதனால் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் திரும்பத் திரும்பக் கோர்வை அறுந்தது. பாடி வருகிறவன் காலை நீட்டுவான், கார்னர் பாய்வான், கூடவே பாய வேண்டிய கவரின் கை நழுவிவிடும். கார்னர் தனியாகப் பிடித்துவிட்டால் அவனுக்குக் கைதட்டல். பிடிக்க முடியாமல் போனால் கவருக்குத் திட்டு. பிடியின் பலத்தை அளக்கும் மெஷினை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். முகாமிலேயே அவன் பிடிதான் பலமான பிடி. பிசியோதெரபி பார்க்கும் தம்பி மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கோச்தான் சொன்னார்: "பலம் இருக்கு மேடம், தைரியம் இல்ல. ஆள் வளரல. இந்த கேம்ப் முடிஞ்சதும் விட்டுடலாம்னு பாக்குறோம்."

எனக்கு அதில் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் பையனின் வலது கை யாரிடம் போனாலும் விரல் விரித்துப் போகிறது, கெட்டியாகப் பற்றுகிறது. இடது கை மட்டும் மூடிய முஷ்டியாகப் போகிறது. கார்னர் அந்த முஷ்டியின் மேல் விரல் நுனியை வைக்கிறான். முஷ்டியை எப்படிக் கோர்ப்பது? வழுக்கத்தான் செய்யும். தைரியம் இல்லாதவனுக்கு ஒரு கையில் மட்டுமா தைரியம் இல்லாமல் போகும்?

"கை நீட்றப்ப ஏன்டா மூடிக்கிற?" என்று அவனையே கேட்டேன்.

"தெரியலக்கா. தானா மூடிக்குது" என்றான், தரையைப் பார்த்தபடி.

முகாமுக்கு நடுவே பையன்களுக்குச் சில நாள் லீவு விட்டார்கள். இரண்டு பேரும் ஊரில் ஒரு போட்டிக்கு ஆடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். சம்பா அறுவடை முடிகிற சமயம். குடவாசல் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் மீதிப் பாதியில் ஊர்ந்தது. வயல்களில் மெஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் கிடந்தன. பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, பட்டப்பகலிலேயே ஆட்டம் தொடங்கியிருந்தது.

குழுவை நடத்துகிறவர் கார்னர் பையனின் சித்தப்பா. நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து நன்றாகத்தான் உபசரித்தார். "மேடத்துக்கு ஒரத்தநாட்டுல எந்தத் தெருங்க?" என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புலங்க" என்றேன். அதற்கு மேல் கேட்க முடியாமல் சிரித்துக்கொண்டார்.

அவர்கள் அணியின் ஆட்டம் தொடங்கியது. ஏழு பேர் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு என்று பிரிந்து கைகோர்த்து நின்றார்கள். முதலில் என் கண்ணில் எதுவும் படவில்லை. எதிரணிப் பையன் பாடிக்கொண்டு வந்து இடது பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன். கார்னருக்கும் கவருக்கும் நடுவில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஆடுகிறது. கர்ச்சீப். ஒரு முனையைக் கார்னர் விரலில் சுற்றியிருக்கிறான். மறு முனையைக் கவர் முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறான். மற்ற எல்லோரும் கையோடு கை. இங்கே மட்டும் நடுவில் துணி.

"அது என்னாங்க கர்ச்சீப்பு?"

"வேர்வைக்குங்க. கை வழுக்கும்ல."

"மத்தவங்களுக்கு வேர்க்காதாங்க?"

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "பழக்கம்ங்க மேடம். சின்னப் புள்ளையிலேருந்து அப்படியே ஆடிப் பழகிட்டானுவ" என்றார்.

இடைவேளையில் அந்தக் கர்ச்சீப்பை வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையில் ஒரு முடிச்சு. அது எதற்கு என்று கேட்டேன். பிடிக்க வாகாக இருக்கும் என்றார்கள். வாகாக இருக்கும் என்றால் இரண்டு முனையிலும் அல்லவா போட்டிருக்க வேண்டும்? யார் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்பது மாறிப் போய்விடக் கூடாது, அதற்குத்தான் அந்த முடிச்சு. முடிச்சு உள்ள முனை கவருக்கு, ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியின் பையனுக்கு. வலது பக்கம் அவன் கையைக் கோர்த்து நின்றவன் அதே காலனிக்காரன். அந்தக் கைக்குத் துணி தேவைப்படவில்லை.

கையிலிருந்த கலர் பாட்டிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அந்தத் துணியைச் சித்தப்பா முகத்தில் எறியலாம் போலிருந்தது. எங்கள் முகாமில் அத்தனை பேரும் மெஷினை வைத்துக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, அந்தப் பையனுக்குத் தைரியம் இல்லை, அவன் வளரவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். அவன் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறான். என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதை அச்சு மாறாமல் கற்றுக்கொண்டிருக்கிறான். இடது பக்கம் நிற்பவனுக்குக் கையை விரித்து நீட்டக் கூடாது. முஷ்டியை மூடி முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேட்டில் கர்ச்சீப்புக்கு அனுமதி இல்லை, அதனால் வெறும் முஷ்டி நீள்கிறது. ஒரே ஊர்ப் பையன்கள் புரிந்துகொள்வார்கள் என்று கோச் நினைத்தது தப்பே இல்லை. நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து பஸ் நிறுத்தம் வரை அந்தப் பையன் கூட நடந்து வந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"கோச்கிட்ட நான் பேசுறேன். உன்னை விடப்போறாங்க, தெரியும்ல? காரணம் இதுதான்னு சொன்னா விடமாட்டாங்க."

அவன் நின்றுவிட்டான். "வேணாங்க்கா. சொல்லிடாதீங்க."

"ஏன்டா?"

"எங்கப்பா அவன் சித்தப்பா வீட்டு நெலத்தைத்தான் குத்தகைக்குப் பாக்குறார். மூணு மா, ஒரு ஏக்கர் வரும். முன்னாடியெல்லாம் அவங்ககிட்டயே கூலிக்குப் போனவருக்கா. இப்பத்தான் சொந்தமா சாகுபடின்னு ஏதோ பண்றாரு. கர்ச்சீப்பு வெசயம் வெளிய போச்சுன்னா யார் சொன்னான்னு கேப்பாங்க."

எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம்தான். "உன் ஆட்டம் போயிடும்டா. வேற என்ன வெச்சிருக்க நீ?" என்று எரிந்து விழுந்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது கையை விரித்து, மூடி, விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகாமுக்குத் திரும்பியதும் கோச்சிடம் போய் அந்த ஜோடியைப் பிரிக்கச் சொன்னேன்.

"ஏன் மேடம்? ஒரே ஊர்ப் பசங்க."

"உயரம் ஒத்து வரல சார். தோள் கோணம் இடிக்குது." எனக்கே சிரிப்பு வந்தது. தோள் கோணமாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்களோடு பழகியதில் எனக்கும் அந்த மாதிரிப் பேச வந்துவிட்டது. "ஹரியானா பையனை லெஃப்ட் கார்னர்ல போடுங்க. கேம்ப் முடியிற வரைக்கும் பாருங்க. அப்பவும் சரி வரலன்னா விட்டுடுங்க, நான் பேச மாட்டேன்."

"நீங்க பேசாம இருப்பீங்களா?" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். கார்னர் பையனை வலது பக்கம் மாற்றினார்.

ஹரியானாவிலிருந்து முகாமுக்கு வந்திருந்த அந்தப் பையன் ஒரு முரடன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது வா, போ, சாப்பாடு மூன்றும்தான். முதல் நாள் பக்கத்திலிருந்து முஷ்டி நீண்டதும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முஷ்டியைத் தட்டினான். திறக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் விரல்களை உள்ளே நுழைத்துப் பூட்டி, "கை! கை!" என்று கத்தினான். அந்த வார்த்தையை யாரிடம் கற்றுக்கொண்டு வந்தானோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே கூத்து. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூடப் பின்னாலிருந்து அவன் கையைப் பிடுங்கிப் பிரித்து விளையாடுவான். எங்கள் பையன் கூச்சத்தில் நெளிவான்.

முகாமின் கடைசி வாரத்துக்குள் இடது கை விரிந்து போக ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தால் பாடி வந்தவனால் கோட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. கோச் என்னைப் பார்த்து, "தோள் கோணம்தான் போல மேடம்" என்றார்.

கடைசி நாள் தேர்வு ஆட்டம். அணியின் முதலாளி வீட்டு ஆட்கள், பெரிய அணியின் மேனேஜர் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று அன்று மாலையே முடிவு. பாதி ஆட்டத்தில் ஹரியானா பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். கோச் யோசிக்கவே இல்லை. வலது பக்கம் நின்ற ஊர்க்காரப் பையனைப் பழைய இடத்துக்கு வரச் சொன்னார்.

நான் எழுந்து கோட்டுப் பக்கம் போய் நின்றேன். எதிரணிப் பையன் பாடிக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் பையன் இடது கையை நீட்டினான். ஐந்து விரலும் விரிந்திருந்தன, நான் பார்த்தேன். கார்னர் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையைத் தொடாமல் கவரின் பனியன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். பாடி வந்தவன் உள்ளே புகுந்து இரண்டு பேரையும் தொட்டுவிட்டு, நடந்தே கோட்டைக் கடந்தான்.

கோச் விசில் ஊதினார். "திரும்பவும் அதே கதையாடா? நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? லிங்க் வீக், லிங்க் வீக்னு எத்தன தடவடா சொல்றது?" அத்தனையும் கவர் பையனைப் பார்த்து. கார்னரை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லையே என்றுகூட ஒரு நினைப்பு. அதற்குள் அவனே பேசினான். அந்த முகாமில் எல்லோர் எதிரிலும் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் கை தொறந்துதான் சார் இருக்கு." நீட்டிய கையை அவன் மடக்கவே இல்லை. "அவனுக்குக் கர்ச்சீப் இல்லாம புடிக்க வராது. ஊர்ல நடுவுல கர்ச்சீப் வெச்சுத்தான் என் கையப் புடிப்பான். அவன்கிட்ட ஒரு கர்ச்சீப் குடுங்க சார், லிங்க் சரியாயிடும்."

கோச்சுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து வளர்ந்தவருக்குப் புரியாமல் போகுமா? முகம் மாறியது. பிறகு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அது வேர்வைக்கு சார்" என்றான் கார்னர்.

"சரி சரி, ஆட்டத்தப் பாருங்க" என்று கோச் விசிலை ஊதினார்.

மாலையில் கூட்டம். நான் போட்ட சத்தம் அரங்கத்துக்கு வெளியே கேட்டிருக்கும். கை கொடுக்கத் தெரியாதவன் யார் என்று இப்போதாவது எழுதுங்கள், இத்தனை நாள் ஒரு பையன் பெயருக்கு நேராக எழுதிய இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு இன்னொருவன் பெயருக்கு நேராக எழுதுங்கள் என்றேன். மேனேஜர் தண்ணீர் குடித்தார். ஒருவர், "இதெல்லாம் சோஷியல் பிராப்ளம் மேடம், ஸ்போர்ட்ஸ் இல்ல" என்றார். "முஷ்டியா வந்தப்ப மட்டும் ஸ்போர்ட்ஸா சார்?" என்றேன்.

கடைசியில் கோச் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரையும் வைத்துக்கொள்வது. சேர்ந்து ஆட வந்தால் ஒருவனை இடது பக்கம், இன்னொருவனை வலது பக்கம், ஒருவருக்கொருவர் கை எட்டாத இடத்தில் நிறுத்திவிடுவது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஊரில் துணியை வைத்துச் செய்ததை இவர்கள் மேட்டின் அகலத்தை வைத்துச் செய்தார்கள். கவர் பையனுக்கு இன்னொரு வருடம் முகாம். கார்னரைப் பெரிய அணிக்கே எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு மெச்சூரிட்டி இருக்கிறதாம். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என் கையெழுத்து இல்லாமலே அது மேலே போயிற்று.

மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு நாற்று விடுகிற சமயத்தில் அந்தப் பையன் போன் செய்தான். அந்த மூன்று மா நிலத்தையும் இந்தப் போகத்திலிருந்து சித்தப்பா வீட்டார் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்களாம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ரோட்டில் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அப்பா கூலிக்குப் போகிறாராம்.

அந்தச் சித்தப்பாவை, கோச்சை, மேனேஜரை, மெச்சூரிட்டி உள்ளவனை என்று ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தேன். எனக்கு மூச்சு வாங்கியதும், "அப்பா ஏன்டா சொன்னேன்னு கேப்பாருன்னு பயந்துட்டே இருந்தேன்க்கா" என்றான்.

"கேட்டாரா?"

"கேக்கல. அன்னைக்கி கைய எப்படி நீட்டுன, காட்டுன்னார். காட்டுனேன். அவரே புடிச்சு, ஒரு இழு இழுத்துப் பாத்தாரு. நான் விடலக்கா. 'பிடி கெட்டியாத்தானடா இருக்கு'ன்னார்."